புகழுரையும் மறுமதிப்பீடும்: ஒரு றொக் இசைத்தொகுப்பினை முன்வைத்துச் சில குறிப்புகள்

கலைப்படைப்பொன்றின் மதிப்பினை நிர்ணயிப்பது யாது? அழகியல் பற்றிய மார்க்சியச் சிந்தனையில் இவ்வினா தொடக்கந்தொட்டே இடம்பெற்று வந்துள்ளது. பண்டைக் கிரேக்கக் கலை குறிப்பிட்டதொரு சமூக வளர்ச்சிநிலையுடன் பிணைந்திருந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று என்றும், அச்சமூகம் மறைந்த பின்னரும் அக்கலை நமக்கு இன்பமளிப்பது ஏன் என்பதே விளக்கப்பட வேண்டிய சிக்கல் என்றும் 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளில் கார்ல் மார்க்ஸ் சுட்டினார். நமது காலத்தில் இச்சிக்கல் தலைகீழாகவும் தோன்றுகின்றது. வெளிவந்த நாளில் ஒருமுகமாக விதந்தோதப்பட்ட படைப்பொன்று, சமூக அமைப்பில் அடிப்படை மாற்றம் எதுவும் நிகழாத ஓரிரு ஆண்டுகளுக்குள் எள்ளலுக்குரியதாகிவிடுகின்றது. பின்னர் அதன் சுவைஞர்களே அதனை மீண்டும் எடுத்துக் கேட்டு அதற்காக வாதாடுகின்றனர். இம்மாற்றங்களை வெறும் ரசனை வேறுபாடு என்று கூறி அமைதல் போதுமா?

இவ்வினாவினை ஆராய்வதற்கு ஒயாசிஸ் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பான ‘பீ ஹியர் நவ்’ பொருத்தமான எடுத்துக்காட்டாகும். 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி அது வெளியாயிற்று. ‘இங்கே, இப்போது இரு’ என்பது அத்தலைப்பின் பொருள். இங்கும் இப்போதும் மட்டும் வாழ்ந்த படைப்பு எனப் பின்னாளில் பலராலும் கருதப்பட்ட ஒன்றுக்கு இத்தலைப்பு அமைந்தமை ஒரு வரலாற்று முரணணியே எனலாம்.

குழுவின் சமூகப் பின்புலத்தை முதற்கண் நோக்குவோம். ஒயாசிஸ் 1991இல் மான்செஸ்ரரில் தோன்றியது. 1845இல் வெளிவந்த நூலில் ஏங்கெல்ஸ் ஆங்கிலத் தொழிலாளர் வாழ்நிலையினை விவரிப்பதற்குக் களமாகக் கொண்ட நகரங்களுள் முதன்மையானது அது. குழுவின் மையமாக விளங்கிய நோயல் கலகர், லியம் கலகர் ஆகிய சகோதரர்கள், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பத்தினர். நகரின் பேர்னேஜ் பகுதியில் வளர்ந்தவர்கள். பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வேலையின்மை நிலைபேறடைந்த தட்சர் ஆட்சிக்காலத்தில் (1979–1990) இளமையைக் கழித்த தலைமுறையின் குரலாகவே இக்குழு வரவேற்கப்பட்டது. 1994இல் ‘டெபினிற்லி மேபி’, 1995இல் ‘மோர்னிங் குளோறி’ என இரு தொகுப்புகள் வெளிவந்தன. 1996 ஓகஸ்டில் நெப்வேர்த்தில் இரு இரவுகள் நடைபெற்ற நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். நுழைவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தோர் தொகை இதனைப் பன்மடங்கு விஞ்சியது.

‘பீ ஹியர் நவ்’ வெளியாகிய சூழலை இவற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1997 மே மாதத்தில், பதினெட்டு ஆண்டுகளின் பின், தொழிற்கட்சி ஆட்சியைக் கைப்பற்றிற்று. ஜூலை இறுதியில் பிரதமர் ரொனி பிளேயர் தமது வாசத்தலத்தில் அளித்த விருந்தொன்றில் நோயல் கலகர் கலந்துகொண்டார். குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கிறியேஷன் நிறுவனத்தின் நிறுவுனரான அலன் மக்கீயும் புதிய ஆட்சியாளருக்கு நெருக்கமானவராயிருந்தார். சுயாதீன நிறுவனம் எனப் பெயர்பெற்ற கிறியேஷனின் பங்குகளில் ஏறத்தாழ அரைவாசி 1992 முதல் சோனி என்னும் பல்தேசியக் கம்பனியிடம் இருந்தமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொழிலாளர் மைந்தரின் வெற்றியைத் தனது வெற்றியின் சின்னமாக்கிக்கொள்ள அரசு விரும்பியது. அவ்வெற்றியைப் பணமாக்கிக்கொள்ளக் கம்பனி விரும்பியது. தொகுப்பு வெளிவருமுன்னரே அது எவ்வாறு வரவேற்கப்பட வேண்டும் என்பது ஒருவாறு தீர்மானமாகிவிட்டது.

விமர்சகர்தம் நிலை இன்னும் சுவையானது. 1995இல் ‘மோர்னிங் குளோறி’ வெளியானபோது பிரித்தானிய இசைச் சஞ்சிகைகள் பல அதனை அரைமனத்தோடுதான் வரவேற்றன. ஆனால் மக்களோ அத்தொகுப்பை மில்லியன் கணக்கில் வாங்கினர். தம் கணிப்புப் பொய்த்ததை உணர்ந்த விமர்சகர், இரண்டாண்டுகளின் பின் அடுத்த தொகுப்பு வந்தபோது அதே தவற்றை மீண்டும் இழைக்க அஞ்சினர். அன்றியும், தொகுப்பை முன்கூட்டிக் கேட்பதற்குப் பத்திரிகையாளர் இரகசியங்காக்கும் உடன்படிக்கைகளிற் கையொப்பமிட வேண்டியிருந்தது. பாடல்களை முன்னரே ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளரோ, கேட்போர் ஒலிப்பதிவு செய்யாதிருக்கும் பொருட்டுப் பாடலின் இடையே பேசுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டார். ‘கியூ’ என்னும் சஞ்சிகை உச்சமான ஐந்து நட்சத்திரங்களை வழங்கியது. ஏனையவும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. எனவே 1997இன் புகழுரை, 1997இன் தொகுப்பைப் பற்றியது என்பதிலும் பார்க்க, 1995இன் தவற்றுக்குச் செய்யப்பட்ட பிராயச்சித்தம் என்பதே பொருந்தும். விற்பனையே மதிப்பின் அளவுகோலாகிவிட்ட பின் விமர்சகன் சந்தையின் எழுதுவினைஞனாகின்றான்.

விற்பனையும் அவ்வாறே நிகழ்ந்தது. பிரித்தானியாவில் முதல் நாளிலேயே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளும், மூன்று நாள்களில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்டனவும் விற்றுத் தீர்ந்தன. விரைந்த விற்பனையில் அது நாட்டிய சாதனை 2015இல் அடெலின் ‘25’ வெளியாகும்வரை முறியடிக்கப்படவில்லை. ஆயின் கேட்போர் ஆர்வம் விரைவிலேயே தணிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த றேடியோஹெட் குழுவின் ‘ஓகே கொம்பியூற்றர்’ காலத்தின் உண்மைக் குரல் எனப் பேசப்படலாயிற்று. முன்னர் புகழ்ந்த சஞ்சிகைகளே ஒயாசிஸின் தொகுப்பை வீக்கத்துக்கும் ஆணவத்துக்கும் உதாரணமாகக் காட்டத் தொடங்கின. பழம்பொருட் கடைகளில் மலிந்து கிடக்கும் இறுவட்டு என்று அது நகையாடப்பட்டது. 2003இல் வெளிவந்த ‘லிவ் போறெவர்’ என்னும் ஆவணப்படத்தில் நோயல் கலகரே அதனைக் குறைகூற, லியம் கலகர் அதற்காகப் பரிந்து பேசினார். 2006இல் வெளியான ‘ஸ்ரொப் த குளொக்ஸ்’ என்னும் தெரிவுத் தொகுப்பில் இதிலிருந்து ஒரு பாடலேனும் சேர்க்கப்படவில்லை.

இங்கு ஓர் உண்மையை வற்புறுத்துதல் வேண்டும். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. புகழ்ந்தபோது தொகுப்பு கவனமாகக் கேட்கப்படவில்லை, இகழ்ந்தபோதும் கேட்கப்படவில்லை. முன்னையது வரவிருந்த பண்டத்தை விற்பதற்கும் பின்னையது அடுத்த பண்டத்துக்கு இடம் ஒதுக்குவதற்கும் உதவின. மறுமதிப்பீடு எனத்தக்கது இவ்விரண்டும் ஓய்ந்த பின்னரே, சாதாரணச் சுவைஞர் மத்தியில் தொடங்கியது.

அச்சுவைஞர்கள் முன்வைக்கும் வாதங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, பாடல்கள் நல்லவை, ஒலிப்பதிவே அவற்றை மூடி மறைத்தது என்பது. தொகுப்பு எழுபத்தொரு நிமிடங்கள் நீள்வது. முன்னைய இரண்டும் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் அடங்கியவை. பழைய இசைத்தட்டின் இரு பக்கங்கள் கலைஞனுக்கு விதித்திருந்த எல்லையை, எழுபது நிமிடங்களுக்கு மேல் கொள்ளும் இறுவட்டு நீக்கிவிட்டது. ‘ஓல் அறவுண்ட் த வேள்ட்’ என்னும் பாடல் மட்டும் ஒன்பது நிமிடங்களைக் கடக்கின்றது. கித்தார் ஒலிகள் அடுக்கடுக்காகக் குவிக்கப்பட்டு, ஒலி முழுவதும் ஒரே உரத்தில் முழங்குகின்றது; குரலுக்கும் தாளத்துக்கும் மூச்சுவிட இடமில்லை. ஒலிப்பதிவுக் காலத்துப் போதைப்பொருட் பாவனை இவ்வளவின்மைக்குக் காரணமாயிற்று என்பதைப் பங்குகொண்டோரே பின்னர் ஒப்புக்கொண்டனர். 2016ஆம் ஆண்டு மறுபதிப்பில் இப்பாடல்களின் முன்வரைவுகள் முதன்முறையாக முழுமையாக வெளிவந்தன. 1996இல், செல்வந்தரின் உல்லாசத் தலமான மஸ்ரீக் என்னும் கரிபியன் தீவில், எளிய கருவிகளுடன் நோயல் கலகரும் தயாரிப்பாளர் ஓவன் மொறிஸும் பதிந்தவை அவை. அவற்றில் பாடல்களின் எலும்புக்கூடு தெளிவாகக் கேட்கின்றது. மெட்டுகள் தாமே நிற்கின்றன. சுவைஞரின் முதல் வாதம் இதனால் பெரிதும் வலுப்பெற்றது.

இரண்டாவது வாதம், இத்தொகுப்பின் அளவின்மையே அதன் உண்மை என்பது. 1997 கோடையில் பிரித்தானியா கொண்டிருந்த அளவிறந்த தன்னம்பிக்கையை, அதன் வெறுமையோடு சேர்த்து, வேறெந்தப் படைப்பும் இவ்வளவு முழுமையாகப் பதிவுசெய்யவில்லை என்பர். றேமண்ட் வில்லியம்ஸ் ‘உணர்வமைப்பு’ எனக் குறிப்பிட்டது இதனோடு ஒப்பிடத்தக்கது. 2003இன் ஈராக் போரும் 2008இன் நிதி நெருக்கடியும் அந்நம்பிக்கையைக் குலைத்த பின்னர் கேட்போருக்கு, அம்முழக்கத்தினூடே ஒரு பதற்றமும் கேட்கின்றது.

இவ்வாதம் நம்மைப் போன்றோருக்குக் கவர்ச்சியானது. அதனாலேயே நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஒரு படைப்பு தன் காலத்தைப் பிரதிபலிக்கின்றது என்பது அதனை விளக்குகின்றது. அது சிறந்த படைப்பு என்பதை நிறுவுவதில்லை. காலத்தைப் பிரதிபலிக்காத படைப்பு எது? வீங்கிய காலத்தின் கலை வீங்கியிருந்தமை இயல்பு. ஆனால் அவ்வீக்கத்தை அக்கலை உணர்ந்ததா, அல்லது அதற்கு இரையானதா என்பதே மதிப்பீட்டுக்குரிய வினா. நமது கணிப்பில் ‘பீ ஹியர் நவ்’ பெரும்பாலும் இரையாயிற்று. சமூகவியல் விளக்கத்தை மதிப்பீடாகக் கொள்ளும் தவறு முற்போக்கு விமர்சனத்திலும் இடம்பெற்றுள்ளது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம், ஒரு தலைமுறை முழுவதன் ஏமாற்றத்துக்கும் இத்தொகுப்பே பலிக்கடாவாக்கப்பட்டது என்பது. இதில் நியாயம் உண்டு. ஆயின் இதே வாதம் பழமை ஏக்கமாகவும் எளிதில் மாறக்கூடியது. தொகுப்பை மீட்பதாக எண்ணித் தம் பதினெட்டு வயதை மீட்க முயல்வோரும் உளர். அவ்வேக்கத்தையும் விலைப்படுத்தச் சந்தை தயங்கவில்லை. 2009இல் பிரிந்த குழு 2025இல் மீண்டும் இணைந்தது. அதன் நுழைவுச்சீட்டுகள் 2024 ஓகஸ்டில் விற்பனைக்கு வந்தபோது, தேவை ஏற ஏற விலையும் ஏறும் முறையினாற் சில சீட்டுகளின் விலை சில மணி நேரத்துள் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. பேர்னேஜின் பிள்ளைகள் பாடுவதைப் பேர்னேஜின் பிள்ளைகள் கேட்க இயலாத நிலை அது.

ஆயினும் சுவைஞரின் செயற்பாடு முழுவதையும் சந்தையின் எதிரொலி எனத் தள்ளிவிடுதல் முறையன்று. அவர்களுட் பலர் தமக்கென ஒரு ‘பீ ஹியர் நவ்’ஐத் தொகுத்துக்கொண்டனர். நீண்ட முடிவுகளை வெட்டினர். தளர்ந்த பாடல்களை நீக்கினர். அக்காலத்தில் தனிப்பாடல் இறுவட்டுகளின் பின்னிணைப்பாக மட்டும் வந்த ‘ஸ்ரே யங்’ போன்றவற்றை அவ்விடத்திற் சேர்த்தனர். நோயல் கலகர் தாமே 2016இல் ஒரு பாடலை மட்டும் புதிதாகக் கலவைசெய்து நிறுத்திக்கொண்ட பணியை, அவர்கள் ஊதியமின்றிச் செய்து முடித்தனர். எதை வைப்பது, எதை விடுவது, ஏன் என்று ஒருவரோடொருவர் வாதித்தனர். விமர்சனம் என்பது இதுவேயாகும். ஐந்து நட்சத்திரம் வழங்கியோர் செய்யத் தவறிய வேலை, வாங்கிய சாதாரண மக்களாற் செய்யப்பட்டது. 2025ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் இத்தொகுப்பிலிருந்து ‘டூ யூ நோ வட் ஐ மீன்’, ‘ஸ்ராண்ட் பை மீ’ ஆகிய இரண்டு மட்டும் பாடப்பட்டன, கூட்டமும் உடன்பாடியது. பன்னிரண்டில் இரண்டு: கடுமையான தீர்ப்பாயினும், புகழுரையிலும் எள்ளலிலும் நேர்மையானது.

இதிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் யாது? மறுமதிப்பீடு என்பது கட்சி மாறுதலன்று. நேற்று உயர்த்தியதை இன்று தாழ்த்துவதும், நேற்றுத் தாழ்த்தியதை இன்று உயர்த்துவதும் எளிது. நேற்றைய தீர்ப்பை எத்தகைய நிர்ப்பந்தங்கள் உருவாக்கின என்று கேட்பதும், அவ்வினாவைத் தன் இன்றைய தீர்ப்பின்மீதும் செலுத்துவதுமே கடினமானவை. 1997இல் ஐந்து நட்சத்திரம் வழங்கிய சஞ்சிகைகள் பின்னர் தொகுப்பைக் குறைகூறின. தம்மைக் குறைகூறிக்கொண்டவை மிகச் சிலவே. சுயவிமர்சனம் அற்ற மறுமதிப்பீடு, பழைய பண்டத்துக்கு ஒட்டப்படும் புதிய விலைச்சீட்டு மட்டுமேயாகும். இசைக்கு மட்டுமன்றி, இலக்கியத்துக்கும் இது பொருந்தும்.