பேச்சு மேசையில்; மண் யார் கையில்?

ஆலைத் தொழிலாளிக்கு ஒன்று தெரியும். ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே முதலாளி இரவோடு இரவாக இயந்திரங்களை வெளியேற்றினால், அது பேச்சல்ல, காலங்கடத்தும் தந்திரம்! பாலஸ்தீனத்தில் நடந்ததும் அதுதான், தோழர்களே!

1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் யாசர் அராபத்தும் இஸ்ரேல் பிரதமர் ராபினும் கைகுலுக்கினர். உலகம் கைதட்டியது. ஏட்டில் இருந்தது என்ன? பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேல் என்ற நாட்டை ஏற்றது. இஸ்ரேலோ அந்த இயக்கத்தைப் பாலஸ்தீனியரின் பிரதிநிதி என்று மட்டுமே ஏற்றது. பாலஸ்தீன நாடு என்று ஒரு சொல் இல்லை! எல்லை, எருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் ஆகிய உயிரான பிரச்சினைகள் யாவும் பிற்பாடு பேசப்படும் என்று ஒதுக்கப்பட்டன. ஐந்தாண்டுக் கெடு 1999 மே மாதம் கடந்தது. முடிவு வரவில்லை.

வந்தது எது? குடியேற்றம்! 1993ல், கிழக்கு எருசலேம் நீங்கலாக, மேற்குக் கரையில் குடியேறியிருந்த இஸ்ரேலியர் சுமார் 1,10,000 பேர். இன்று 5,00,000க்கும் மேல்! 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையில் சுமார் 60 விழுக்காட்டு நிலத்தை இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் விட்டது. அங்கே பாலஸ்தீனியன் தன் சொந்த மண்ணில் ஓர் அறை கட்டவும் இஸ்ரேலிய அதிகாரிகளிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

தடுக்க ஆளில்லையா? 2011 பிப்ரவரியில் பாதுகாப்புச் சபையின் 15 நாடுகளில் 14 நாடுகள் குடியேற்றத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஆதரித்தன. அமெரிக்கா வீட்டோவால் அதை வீழ்த்தியது. நடுவராக அமர்ந்தவரே ஒரு கட்சியின் வக்கீல்!

மறுபக்கத்தை நாம் மறைக்கவில்லை. ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் பேருந்தில் சென்ற சாமானியரைக் கொன்றன. 1994ல் ஹெப்ரான் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றவன் யூதக் குடியேறி. 1995 நவம்பர் 4ல் ராபினைச் சுட்டவனும் யூத வெறியனே. 2007ல் பாலஸ்தீனத் தலைமை காசா என்றும் மேற்குக் கரை என்றும் இரண்டாய்ப் பிளந்தது. 2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் மாண்டவர் சுமார் 1,200 பேர். அதன்பின் காசாவில் இஸ்ரேலின் தாக்குதலில் மாண்டவர் பல்லாயிரம். இரு பக்க வெறியருக்கும் பொதுப் பகை ஒன்றே: சமாதானம்!

அந்தப் போரோடு, இஸ்ரேலில் உழைத்த லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர் வேலை இழந்தனர். அந்த இடத்தை நிரப்ப நம் நாட்டிலிருந்து கட்டடத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டனர். ஒருவன் பட்டினியில் இன்னொருவனுக்குக் கூலியா? இந்தியத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தது முற்றிலும் சரி.

பேச்சு வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பேச்சு வேண்டும். ஆனால், குடியேற்றம் முதலில் நிற்கட்டும்! சாமானியர் மீது ஆயுதம் தூக்குவது இரு பக்கமும் நிற்கட்டும்! ஒதுக்கி வைத்த பாலஸ்தீன நாடு என்ற சொல், ஒப்பந்தத்தின் முதல் வரியில் ஏறட்டும்!