பள்ளிக்கு லீவு, அம்மாவுக்கு?

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் வீட்டின் ஒழுங்கும் கலைந்துவிடுகிறது. காலை ஏழரைக்குள் முடிந்துகொண்டிருந்த சமையல் பத்து மணி வரை இழுக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பதினொன்றுக்குப் பசிக்கும், இன்னொன்றுக்கு ஒன்றரைக்கு. மதியம் டிவி ரிமோட்டுக்குச் சண்டை, சாயங்காலம் செல்போனுக்குச் சண்டை. வெளியே கத்திரி வெயில். இரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் சிடுசிடுப்போடு எழுகிறார்கள். ஜூன் பிறப்பதற்குள் யாராவது ஒருவர் உடைந்து அழுதிருப்பார். பெரும்பாலும் அது அம்மா.

கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்பதே பேச்சாக இருக்கிறது. என் கவலை வேறு. ஒரு வீட்டின் மனநலத்தைக் கோடையில் காப்பாற்றுவது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் புதுக் கலை அல்ல. அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, நாளில் இரண்டு மணி நேரமாவது யாரும் கூப்பிடாத பொழுது கிடைப்பதுதான். அதற்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. நம் வரிப்பணத்தில் நடக்கிற இடங்களே இருக்கின்றன.

வசதியில்லாத வீடுகளில் இந்தப் பாரம் இன்னும் கூடுதல். பள்ளி நாட்களில் சத்துணவு உண்டு; தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலை உணவும் உண்டு. விடுமுறையில் அந்த வேளைகளுக்கும் வீட்டு அடுப்பில்தான் உலை வைக்க வேண்டும். கட்டட வேலைக்கோ களையெடுக்கவோ போகிற தாய், பன்னிரண்டு வயது மூத்த மகளிடம் தம்பி தங்கைகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். நாளெல்லாம் அந்தக் கவலையோடுதான் வேலை செய்கிறாள். அந்தச் சிறுமிக்கோ விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. இதைத் தெருவில் உள்ள எல்லோரும் பார்க்கிறோம். அக்கம்பக்கத்து நாலு வீடுகள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் அவளுக்கும் விளையாட நேரம் கிடைக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கடன் தவணையோடு இதையும் பேசலாம்.

வீட்டுக்கு வெளியே முதலில் நினைவுக்கு வருவது நூலகம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென முதலில் சட்டம் செய்தது நம் மாநிலம்தான், 1948-இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதனால் அது நம்முடைய இடம் என்ற உரிமையோடே உள்ளே போகலாம். கிளை நூலகங்களில் காலையில் முதலில் வந்து உட்கார்வது தினசரி படிக்க வரும் பெரியவர்கள். தாத்தா போகும்போது பேரனையும் பேத்தியையும் அழைத்துப் போனால் என்ன ஆகும்? வீட்டில் பொழுது போகாமல் புலம்பும் தாத்தாவுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடும். பிள்ளைக்குப் படக்கதை கிடைக்கும். வீட்டில் இருப்பவளுக்கு இரண்டு மணி நேரம் அமைதி. ஒரே நடையில் மூன்று பேரின் மனம் லேசாகிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. குளிரூட்டிய கூடம் இல்லாத ஓட்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரு பகல் முழுக்க அங்கே இருக்கலாம்.

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களைப் பற்றி இன்னும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் எல்லாம் சொற்பக் கட்டணத்தில் கற்றுத்தருகிறார்கள். கோடையில் தனி முகாமும் உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட மைதானங்களில் கோடைப் பயிற்சி நடத்துகிறது. இவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரத்தில் இருப்பது ஒரு குறைதான். பேருந்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும் ஊர்ப் பிள்ளைக்கு அது எட்டாது. அந்த ஊர்களில் அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக நடத்தும் துளிர் இல்லமோ, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரோ, பட்டப்படிப்பு முடித்த ஓர் அக்காவோ ஊர்ச் சாவடியில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தால் போதும். ஒன்றைமட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குவாரிக் குட்டைக்கும் மணல் அள்ளிய ஆற்றுப் பள்ளத்துக்கும் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இருந்து கற்றுத்தரட்டும்.

இனி, எல்லாக் கோடையிலும் வரும் கடினமான வாரம்: தேர்வு முடிவு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளும், நீட் தேர்வும் அதன் முடிவும் இந்த மாதங்களில்தான் வந்து குவிகின்றன. இந்த விஷயத்தில் நாம் சிலவற்றைச் சரியாகவே செய்திருக்கிறோம். 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு நிறுத்தியது. தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடிகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு இந்தத் துணைத்தேர்வு முறையை விடாமல் வலியுறுத்திய ஒன்று. ஒரு நிர்வாக ஏற்பாட்டை மாற்றினாலே உயிர்களைக் காக்க முடியும் என்று அவர்கள் நம்பினார்கள்.

வீட்டிலும் அப்படிச் சில ஏற்பாடுகள் வேண்டும். முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். “எவ்வளவு?” என்று கேட்டு வரும் சொந்தக்காரர்களின் போனை அப்பா எடுக்கட்டும். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்தை அன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே பூட்டி வையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சியைச் சிநேகா செய்து காட்டியது. மற்ற ஊர்களும் எடுத்துச் செய்யக்கூடிய காரியம் அது. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், கதவைச் சாத்திக்கொண்டே இருந்தால், “சாகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும்.

ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இருக்கும் வீடுகளுக்கு வெயில் இன்னொரு சோதனை. இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர் உடம்பில் நீர் வற்றினால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி, கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம், குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீரும் மோரும் தாராளமாகக் குடிக்கட்டும். உப்பைத் திடீரென்று குறைத்துவிடக் கூடாது. மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களை உச்சி வெயிலில் அலையவிடக் கூடாது. கோயில் கொடை, திருவிழா, குலதெய்வ வழிபாடு என்று ஊருக்குப் போகும்போது துணிமணிக்கு முன்னால் மாத்திரையை எடுத்து வையுங்கள். இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இரவு முழுக்கக் கண்விழிப்பதே நோயைக் கிளப்பிவிடக்கூடும். அவர் வீட்டில் படுத்துத் தூங்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது.

எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மாதம் என்பதால், வழக்கமாகக் கண்ணில் படாதவையும் இப்போது படும். மகன் விடியும்வரை விழித்திருப்பது, மனைவி இரண்டு வாரமாக எதிலும் ஒட்டாமல் இருப்பது, அப்பா பகலிலேயே குடிக்கத் தொடங்கியிருப்பது. இவற்றைக் கண்டும் காணாமல் ஜூனுக்குத் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்க்கிறார்கள், மருந்தும் இலவசம். எந்தக் கிழமை என்று சீட்டு எழுதும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இந்த மாதங்களில் எப்படியும் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நடை இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்கும் போய் அந்தக் கிழமையை விசாரித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.