மணற்பலகையும் கைக்கணினியும்

மன்னார்க் கரையோரத்துப் பாடசாலை ஒன்றின் ஐந்தாந் தர வகுப்பை நேயர்கள் சற்று மனக்கண்ணிற் காணவேண்டும். முன்வரிசையில் பேசாலைச் சிறுவன் ஒருவன். மீன்பிடிக் காலத்திற் பெற்றோருடன் வாடிக்குச் சென்றமையால் பல வாரங்கள் பாடம் இழந்தவன். அவனருகில், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து மீண்ட முஸ்லிம் குடும்பத்தின் பேத்தி. ஆசிரியர் கேட்டு முடிக்குமுன் விடை கூறுபவள். மூன்றாமவள் தமிழ்நாட்டு அகதி முகாமில் வேறொரு பாடத்திட்டத்தைப் பயின்று அண்மையில் திரும்பியவள். கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கரும்பலகை எழுத்தே மங்கலாகத் தெரிகிறது. ஆசிரியரோ ஒருவர், பாடமோ வகுத்தற் கணக்கு. அவர் யாருக்காகக் கற்பிப்பது?

நடுத்தரமான பிள்ளையை மனத்திற்கொண்டு கற்பிப்பதே நெடுநாளைய வழக்கம். இதனால் முந்தியவள் சலிப்படைகிறாள். பிந்தியவன் வாய்திறவாதிருந்து, ஒருநாள் பாடசாலைக்கு வராமலே நின்றுவிடுகிறான்.

இக்குறையைக் கருவிகள் தீர்க்குமா? 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ‘குரு கெதர’ என்னும் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் பெட்டி பேசிற்றேயன்றிப் பிள்ளை கூறியதைக் கேட்கவில்லை. வாய்பாட்டில் தடுமாறியவனுக்கும் அதைக் கரைத்துக் குடித்தவளுக்கும் ஒரே பாடந்தான்.

பிள்ளைகள் தத்தம் நடையில் முன்னேறவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1789ஆம் ஆண்டு, சென்னை எழும்பூரிலே படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைச் சாலையின் பொறுப்பை அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அவ்வழக்கத்தைத் தம் சாலையிலும் புகுத்தினார். தேறிய சிறுவன் தேறாதவனுக்குக் கற்பித்தான். தேறியதும் மேல்வகுப்புக்கு ஏறினான். 1797இல் பெல் இதுபற்றி நூல் வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

அதே சென்னையில், 2003ஆம் ஆண்டு மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ ஆரம்பமாயிற்று. ஆந்திரத்து ரிஷிவாலியில் உருவான முறையைத் தழுவிய இதில், பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தன் படியை அறிந்து ஏறிற்று. பின்னர் 2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சிறுவர்களின் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் என மூவகைப் பயிற்சி நூல்களை வழங்கிற்று. நிலையறியும் தேர்வின் விவரங்களை ஆசிரியர் தம் கைத்தொலைபேசியிலேயே பதிந்தார்.

இன்றைய கைக்கணினியும் செம்மையாகப் பயன்படுமாயின் அந்த மணற்பலகையே. அதிற் செய்த பிழை அழிந்துபோகும். அருகிலிருப்பவன் கண்டு நகையான். தவறியவனுக்கு எளிய கணக்கும், வென்றவளுக்குக் கடிய கணக்கும் அது தரும். யார் எப்படியில் நிற்கிறார் என்பதை மாலைக்குள் ஆசிரியருக்குக் காட்டும். பாடங்களை முன்கூட்டியே பதிந்துவைத்தால் இணையத் தொடர்பு குன்றிய ஊரிலும் அது பயன்படும். பார்வை மங்கியவனுக்கு எழுத்தைப் பெரிதாக்கும். கணினித் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் ‘என்விடிஏ’ என்ற இலவச மென்பொருளை, பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் மைக்கல் கரன் 2006இல் ஆக்கத் தொடங்கினார். அது தமிழையும் வாசிக்கும்.

ஆனால் விலையுயர்ந்த திரையில் எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் காட்டினால், அது மின்சாரத்தால் ஒளிரும் கரும்பலகையே ஆகும். ஆதலாற் பெற்றோரே, பாடசாலைக்கு எத்தனை கருவிகள் வந்தன என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு ஏற என்ன செய்கிறீர்கள்?” என்றும் கேளுங்கள்.

பேசாலைச் சிறுவன் வகுத்தலில் எங்கே இடறினான் என்பதை இயந்திரம் கூறும். அவன் வாடிக்குச் சென்றிருந்தான் என்பதை அறிந்து, அருகழைத்து அமர்த்திக்கொள்ள ஓர் ஆசிரியர் வேண்டும்.