கடல் கடந்தும் தொடரும் ஆட்டம்

பிழைப்பைத் தேடி அரபுநாடு செல்லும் நம் பிள்ளைகள் பெட்டியில் கட்டிச் செல்வது ஊறுகாயும் கருவாடும் மட்டுமன்று. ஊர்ப் பேச்சையும், ஊரில் தாம் நேசித்த விளையாட்டு அணியையும் நெஞ்சில் சுமந்துகொண்டே விமானம் ஏறுகின்றனர். "எங்கோ யாரோ பந்து ஆடினால் இவனுக்கென்ன?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நானும் கேட்டவன்தான். என் சாச்சாவின் சபர் வாழ்வை எண்ணிப் பார்த்த பின்னரே அதற்கு விடை கிடைத்தது.

சாச்சா 1983இல் சார்ஜா சென்றார். அடுத்த ஆண்டே அந்நகரில் முதலாவது ஆசியக் கோப்பைக் கிரிக்கெட் போட்டி நடைபெற்று, இந்தியா வென்றது. அப்துர் ரஹ்மான் புகாதிர் என்னும் அமீரகத் தொழிலதிபரின் முயற்சியால் பாலைமண்ணில் எழுந்த மைதானம் அது. அங்கு கூடியோரில் பெரும்பாலோர் நம்மைப் போல் பிழைக்கப் போனவர்களே. ஆயினும் சாச்சாவின் மனம் தமிழ்நாட்டு அணியையே நாடியது. அதன் செய்தி அங்குள்ள பத்திரிகைகளில் அரிதாகவே வரும். எனவே நாளிதழ்களில் வரும் ஆட்ட விவரங்களைக் கத்தரித்து, உம்மா எழுதும் கடிதத்தோடு வைத்தனுப்புவது சிறுவனாகிய என் பொறுப்பாயிற்று. 1954-55க்குப் பிறகு தமிழ்நாடு 1987-88 பருவத்தில்தான் மீண்டும் ரஞ்சிக் கோப்பையை வென்றது. அச்செய்தித்துண்டு சார்ஜா சென்றடைய இரு வாரங்கள் ஆயின. அறைத் தோழர்கள் அனைவரையும் அமரவைத்து, அன்று நடந்த ஆட்டம்போல் அதனை உரக்கப் படித்தாராம் சாச்சா.

அந்த அறையில் எண்மர் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் பெஷாவரைச் சேர்ந்த பட்டான். சமையல் அவருடைய முறை. 1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. சார்ஜாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய இறுதியாட்டம். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ஓட்டங்கள் வேண்டும். சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவித் மியான்தாத் சிக்சருக்குத் தூக்கினார். பட்டான் துள்ளிக் குதித்தார். சாச்சா ஒரு சொல்லும் பேசாமல் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் யாரோ தோளைத் தொட்டனர். பட்டான் ரொட்டியும் குழம்பும் நிறைந்த தட்டோடு நின்றிருந்தார். "ஆட்டம் முடிந்தது பாய், பசி முடியவில்லையே! நீங்கள் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன்" என்றார். இருவரும் ஒரே தட்டில் உண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998 ஏப்ரல் 24 அன்று, அதே மைதானத்தில் டெண்டுல்கர் தம் 25ஆவது பிறந்தநாளில் 134 ஓட்டங்கள் எடுத்து ஆஸ்திரேலியாவை வென்றளித்தார். அன்று இனிப்பு வாங்கி வந்தவர் அந்தப் பட்டான்தான்.

காலம் மாறிற்று. சாச்சா ஊர் திரும்பினார். அவர் மகன் துபாய் சென்றார். மகனுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் உயிர். நம் நாட்டில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். சித்திரை மாதமாயின் முதல் அணி ஆடி முடிக்குமுன் மஃரிப் பாங்கு ஒலிக்கும். கைப்பேசியை வைத்துவிட்டு எழுவதில்தான் ஒருவரின் உறுதி தெரியும். அக்கைப்பேசியிலேயே பந்தயச் சூதும் விரல் நுனியில் காத்திருக்கிறது. உழைத்த காசை ஒரே இரவில் உறிஞ்சும் அதனிடம் நம் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

2020இல் நோய்த்தொற்றின் காரணமாக ஐ.பி.எல். போட்டிகள் முழுவதும் அமீரகத்திலேயே நடைபெற்றன. இத்தனை ஆண்டுகள் தொலைவில் இருந்த அணி வாசலுக்கே வந்துவிட்டது. மைதானத்தின் கதவுகளோ ரசிகர்களுக்கு மூடப்பட்டிருந்தன! அடுத்த ஆண்டு ஓரளவு ரசிகர்களை அனுமதித்தனர். 2021 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை, துபாயில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இறுதியாட்டம். தம்பி நுழைவுச் சீட்டு வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் சாச்சா அப்போது ஊரில் நோய்ப்படுக்கையில் இருந்தார். தம்பி மைதானம் செல்லவில்லை. அறையிலேயே அமர்ந்து, வாப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, ஆட்டம் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தார்.

அன்று சாச்சாவின் தலைமாட்டில் நானும் இருந்தேன். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்த காட்சி தம்பியின் கைப்பேசியில் அரை நிமிடம் பிந்தியே தெரிந்தது. ஆகவே சாச்சா "அவுட்!" என்று முனகியதும், துபாயில் மகன் "வாப்பா, பொறுங்க, சொல்லிடாதீங்க!" என்பார். சாச்சா சிரிப்பார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம். ஊரிலிருந்து போகும் செய்திக்காக ஒரு காலத்தில் இரு வாரம் காத்திருந்தவர், அன்று தம் மகனுக்கு அச்செய்தியை அரை நிமிடம் முந்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னை 27 ஓட்டங்களில் வென்றது.

அடுத்த ஆண்டு சாச்சா வஃபாத்தானார்கள். இப்போதும் சென்னை ஆடும் நாளில் தம்பியின் அழைப்பு வருகிறது. ஆட்டத்தின் அரிச்சுவடியும் அறியாத சாச்சி, தொலைக்காட்சியின் முன் தொலைபேசியோடு அமர்கிறார்கள். "என்னமோ எல்லாரும் கத்துறாங்க வாப்பா, நல்லதா கெட்டதான்னு நீதான் சொல்லணும்" என்கிறார்கள்.

சபரில் இருக்கும் பிள்ளைகளே! உங்கள் அணியைத் தாராளமாகப் பின்தொடருங்கள். அதே நேரத்தில் வீட்டையும் ஒருமுறை அழைத்துவிடுங்கள். உங்களோடு சேர்ந்து ஆட்டம் பார்க்க அங்கே ஒருவர் காத்திருக்கக்கூடும்.