பட்டாளத்தாரையும் நடைக்குக் கூப்பிடுங்கள்

"சித்தப்பு, இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா?" அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பட்டாளத்தாரிடம் எடுக்கிற முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். சியாச்சின் பனியில் நின்றுவிட்டு வந்தவரிடம் கேட்க நமக்கு வேறு கேள்வி இல்லை. 15, 17 வருட சர்வீஸ் முடித்து, நாற்பதுக்குள் பென்ஷனோடு திரும்புகிறவருக்கு இங்கே என்ன இருக்கிறது? மானாவாரிக் காடு, வெளியூரில் செக்யூரிட்டி வேலை, பொழுது சாய்ந்தால் அந்தக் கோட்டாவில் வாங்கிய ராணுவ கேன்டீன் மது பாட்டில்.

இப்படித் திரும்பி வந்து, மனதில் சுமந்த போரை நடந்தே இறக்கிவைக்கப் புறப்பட்டவர் அமெரிக்காவின் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரில் உயிர் நண்பனை இவோ ஜிமாவில் பறிகொடுத்தவர். 1948இல், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனி ஆளாக நடந்து முடித்தார். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய ஷான் கோபின் 2012இல் அதே பாதையை நடந்தார். பிறகு வாரியர் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, முன்னாள் வீரர்களை நெடுநடைக்கு அனுப்புகிறார். வழியிலுள்ள ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுக்கிறார்கள். மலையைவிட அந்தச் சோறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நமக்கு மலை தேட வேண்டியதில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டங்கூட்டமாக நடக்கிறோமே! வெயிலுக்குப் பயந்து ராத்திரி நடை. இருட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. திண்ணையில் வாய் திறக்காத மனிதர்கூட அங்கே பேசக்கூடும். தூக்கமே வராதவருக்கு மருத்துவர்தான் வேண்டும் என்பார்கள்; மருத்துவரையும் பார்க்கட்டும்.

எனக்குப் பயம் பாட்டிலைப் பார்த்துத்தான். "மிலிட்டரிக்காரன் குடிக்கத்தான் செய்வான்" என்று ஊர் கொடுக்கிற சலுகைக்கு அவர் பெண்டாட்டிதான் விலை கொடுக்கிறாள். சொந்தக்காரர்கள் மாதம் ஒரு பாட்டில் கேட்டு வருகிறார்கள். அவர் இரவில் ஏன் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. அவர் குடிப்பதை நோய் என்று வீட்டிலேயே சொல்ல முடியாது, மரியாதைக் குறைவாகிவிடும். விரத நாட்களில் மட்டும் அந்தப் பாட்டில் திறக்காது, அதுவும் பத்துப் பேரோடு சேர்ந்து விரதம் இருந்தால்.

ஆகவே நடைக்குழு நடத்துகிறவர்கள் இந்த ஆடியில் விரத மாலை போடுவதற்கு முன்பே பட்டாளத்தார் வீட்டுக்குப் போங்கள். நன்கொடை நோட்டை நீட்ட வேண்டாம். லாரி ஓடும் சாலையில் ராத்திரி வரிசையை எப்படி நடத்துவது என்று கேளுங்கள்; முன்னால் போகும் டார்ச்சை அவர் கையில் கொடுங்கள்.