சோராவ் தீவின் கண்டல் காடு

கோவாவில் மாண்டோவி ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்குச் சற்று மேலே சோராவ் என்னும் தீவு உள்ளது. அதன் மேற்கு முனையிலுள்ள சுமார் 440 ஏக்கர் கண்டல் காடு 1988-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. பறவைகளுக்கு ஒதுக்கிய காட்டைப் பற்றி விவசாயிகளுக்கு என்ன பேச்சு என்று அன்பர்கள் கேட்கலாம். காட்டை அடுத்தே நெல் வயலும் இருப்பதால்தான் இதை எழுதுகிறோம்.

கண்டல் உப்பு நீரில் வளர்வது. சேற்றுக்குள் காற்றில்லாமையால் ஒருவகைக் கண்டலின் வேர்கள் ஆணி அடித்தாற்போல் மேலே நிமிர்ந்து சுவாசிக்கின்றன. மற்றொரு வகையில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் தொங்கி, பின் சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது. உதிரும் இலை மட்கி நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் இரையாகிறது; அவற்றை நாடிக் கொக்கும் மீன்கொத்தியும் நீர்நாயும் வருகின்றன. ஓதம் வடிந்தபின் சேற்றின்மேல் தத்திச் செல்லும் மீனையும் காணலாம். மீன் நடக்கும் என்பதை நம்பாதவர்கள் நேரில் கண்டால் நம்புவர்!

இனி வயலுக்கு வருவோம். கோவாவின் ஆற்றோரங்களில் 'கஸான்' எனப்படும் நிலங்கள் உண்டு. 1510-இல் போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே கிராமத்தார் ஒன்றுகூடி, களிமண்ணாலும் செம்பாறைக் கல்லாலும் வைக்கோலாலும் கரை கட்டிச் சதுப்பிலிருந்து மீட்டவை அவை. கரையில் மரக்கதவு பொருத்திய மதகு இருக்கும். ஓதம் ஏறும்போது ஆற்று நீரே கதவைத் தள்ளி மூடும். வடியும்போது உள்நீர் அதைத் திறந்து வெளியேறும். மழை உப்பைக் கழுவியபின் 'கொர்குட்' என்னும், உப்பைத் தாங்கும் நெல் பயிராகிறது.

கரைக்கு வெளியே நிற்கும் கண்டல் அலையின் வேகத்தைத் தணித்துக் கரை மண்ணைக் காக்கிறது. அதை விறகுக்கு வெட்டினால் அலை நேரே கரையில் மோதும். அதே கண்டல் கரைக்கு உள்ளே முளைத்தாலோ, உப்பு நீர் புகுந்துவிட்டதென்று பொருள். நண்டு வளைகளை அடைக்காமல் விட்டால் கரை அரிக்கும். உடைந்தால் நெல் அழிந்து, சில ஆண்டுகளில் வயலே காடாகும். கடலோர ஒழுங்குமுறை விதிகள் கண்டலைக் காப்பதால், பின்னர் அதை அகற்றி மீண்டும் உழுவது எளிதன்று.

கரையைப் பேணும் பொறுப்பு முன்பு கிராம சமுதாயத்திடம் இருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்திற்குப் பின் அது படிப்படியாகக் குத்தகைதாரர் சங்கங்களிடம் சென்றது. பழைய கட்டுப்பாடு பல இடங்களில் தளர்ந்துவிட்டது. மதகில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள் அதிக மீனுக்காக உப்பு நீரை அளவுக்கு மேல் உள்ளே விடுகின்றனர் என்பது நெல் விளைப்போரின் நெடுநாளைய முறையீடு.