சீட்டை நேராக வைத்தால் ஒரு சேதி, குறுக்கே வைத்தால் ஒரு சேதி? - சென்னை வரை வந்த பிரிட்ஜ் சர்ச்சை!

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில், ஞாயிறு மதியம் என்றால் இருபத்தெட்டுதான். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் தாத்தா. எதிரே அவருடைய கூட்டாளி, பக்கத்துக்கு ஒருவராக எதிரணி இருவர். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்ற அணி காபி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு சட்டம் உண்டு. சீட்டு கையில் இருக்கும்வரை வாயும் கண்ணும் சும்மா இருக்க வேண்டும்.

நான் எட்டாவது படித்தபோது அந்தத் திண்ணையில் ஒரு சண்டை. எதிரணியில் ஒருவர் கைக்கு ஜாக்கி வந்தால் காதைத் தொடுகிறார் என்று சொல்லிவிட்டார் தாத்தா. அந்த மனிதர் பதில் பேசவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். பிறகு அவர் அந்தத் திண்ணைக்கு வரவே இல்லை.

அது 2015. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஓர் இரவுத் தூரத்தில் இருக்கும் சென்னையில், அதே வருடம் இதே பிரச்னை உலக அளவில் வந்து நின்றது எங்கள் திண்ணைக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும்.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் சென்னையில் தொடங்கியது உலக பிரிட்ஜ் அணிகள் சாம்பியன்ஷிப். அதன் முக்கியக் கோப்பைக்கு பெர்முடா பவுல் என்று பெயர். பிரிட்ஜ்காரர்களுக்கு அதுதான் உலகக் கோப்பை. ஆனால், போட்டி தொடங்கும் முன்பே இஸ்ரேல் விலகியது. மொனாக்கோ விலகியது. ஜெர்மனி விலகியது. போலந்து அணியில் ஒரு ஜோடிக்குக் கொடுத்த அழைப்பைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: ஜோடிக்குள் சைகை காட்டுகிறார்கள் என்ற புகார்.

இருபத்தெட்டு ஆடத் தெரிந்தவர்களுக்கு பிரிட்ஜ் பாதி புரிந்த மாதிரி. நாலு பேர், எதிரெதிரே கூட்டாளிகள், ஏலம், துருப்பு. 52 சீட்டும் ஆளுக்குப் 13 ஆகப் பிரியும். ஏலம் முடிந்து முதல் சீட்டு விழுந்ததும், ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி மேஜையில் விரித்துவிடுவார். அப்போது எதிர்த்து ஆடுபவருக்குத் தன் 13, விரித்த 13 என 26 சீட்டுகள் தெரியும். மீதி 26-ல் தன் கூட்டாளியிடம் எது, ஏலம் எடுத்தவரிடம் எது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் முழு ஆட்டமும். அந்த இடத்தில் ‘என்னிடம் ராஜா இருக்கிறது’ என்று கூட்டாளி ஜாடை காட்டினால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கூட்டாளிக்குச் சேதி சொல்வதே பிரிட்ஜில் குற்றமில்லை. கேட்கும் ஏலத்தாலும், எந்தச் சீட்டைப் போடுகிறோம் என்பதாலும் சொல்லலாம். அதன் அர்த்தத்தை எதிரணிக்கும் தெரியப்படுத்த வேண்டும். எப்படிப் போடுகிறோம் என்பதால் மட்டும் எதையும் சொல்லக் கூடாது.

இதைத் தடுக்க நிறைய செய்து பார்த்துவிட்டார்கள். வாயால் கேட்டால் குரலில் சேதி போகும் என்பதால், பெரிய போட்டிகளில் ஏலமே அட்டையில்தான். 1965-ல் புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில் பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷப்பீரோ ஜோடி, சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆர்ட்டின் சீட்டு எத்தனை இருக்கிறது என்று சொன்னதாகப் புகார் எழுந்தது. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை, குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. 1975-ல் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். வைத்த அதே போட்டியில், இத்தாலி ஜோடி ஒன்று மேஜைக்கு அடியில் காலால் தட்டிச் சேதி சொன்னதாகப் புகார்! பிறகு திரையைக் கீழேயும் நீட்டினார்கள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வழி திறக்கும் இந்தக் கதையைப் படிக்கையில், எங்கள் பள்ளிப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்ததை மறைக்க முடியவில்லை.

2015-ன் புயலைக் கிளப்பியவர் நார்வேயின் போயே ப்ரோகெலாண்ட். 2007-ல் நார்வே பெர்முடா பவுல் வென்றபோது அணியில் இருந்தவர். இஸ்ரேலின் இளம் ஜோடி லோட்டன் ஃபிஷர், ரான் ஷ்வார்ட்ஸ் ஏமாற்றுகிறார்கள் என்று அந்த ஆகஸ்ட்டில் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களோடு ஒரே அணியில் ஆடி ஜெயித்தவர்தான் அவரும். அந்தப் பட்டங்களை விட்டுக்கொடுக்கத் தயார் என்றும் அறிவித்தார். முந்தைய போட்டிகளின் வீடியோக்கள் இணையத்தில் இருந்தன. பல நாட்டு ஆட்டக்காரர்கள் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சீட்டுகள் வைத்துக் கொடுக்கும் பலகையை மேஜையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான் சேதி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார் ஸ்வீடனின் பெர்-ஓலா குல்லின்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அடுத்த ஜோடியின் கதை. இத்தாலியின் ஃபுல்வியோ ஃபான்டோனி, கிளாடியோ நூனெஸ். 2002-ல் உலக ஜோடிப் பட்டம், 2005-ல் இத்தாலிக்காக பெர்முடா பவுல். உலகத் தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருந்தவர்கள். பிற்காலத்தில் மொனாக்கோ அணிக்காக ஆடினார்கள். கிரிக்கெட்டில் உங்களுக்குப் பிடித்த இரண்டு பெரிய பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த உயரம்.

2014-ல் குரோஷியாவின் ஒபாடியாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இஸ்ரேல் முதலிடம், மொனாக்கோ இரண்டாமிடம். அந்த வீடியோக்களை வீட்டிலிருந்து பார்த்தார் நெதர்லாந்தின் மையிகே மேவியஸ். இயற்பியலாளர், பொழுதுபோக்குக்காக பிரிட்ஜ் ஆடுபவர். அவர் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. முதல் சீட்டைப் போடும்போது இந்த ஜோடி சில நேரம் அதை நேராக வைக்கிறது, சில நேரம் குறுக்கே வைக்கிறது. நேராக வைத்தால் அந்த இனத்தில் ஏஸ், ராஜா, ராணி என ஏதோ ஒரு பெரிய சீட்டு கையில் இருக்கிறது. குறுக்கே வைத்தால் இல்லை. அப்படித்தானோ? கவனித்ததை ப்ரோகெலாண்டுக்கு எழுதினார்.

நிபுணர்கள் உட்கார்ந்து ஒவ்வோர் ஆட்டமாக ஒப்பிட்டார்கள். 85 ஆட்டங்களில் 82 இந்தக் கணிப்போடு பொருந்தியது. செப்டம்பரில் அது வெளியானது. சில நாட்களில் மொனாக்கோ சென்னைப் போட்டியிலிருந்து விலகியது.

2016-ல் ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் இருவருக்கும் 5 ஆண்டுத் தடை விதித்தது. இருவரும் ஜோடியாக ஆட ஆயுள் தடை. ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் ஜோடிக்கும் அதே தண்டனை. ஃபான்டோனியும் நூனெஸும் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2018 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குற்றம் போதுமான அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை, தடை ரத்து!

சட்டப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 2021-ல் உலகப் போட்டிக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் இத்தாலி அணியில் ஃபான்டோனி பெயர் இருந்தது. எதிரணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தாலியோடு ஆட மறுத்தன. ஆடாமல் தோற்பதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றன. தீர்ப்பாயம் விடுவித்த மனிதருடன் ஒரே மேஜையில் உட்கார மாட்டோம் என்றார்கள், அவரோடு பல ஆண்டுகள் ஆடியவர்கள். அது நியாயமா, கூட்டமாகச் சேர்ந்து ஒதுக்குவதா? இதை எழுதும்போதும் எனக்கு இரண்டு பக்கமும் மனசு போகிறது. 82 என்ற எண்ணைப் பார்த்தால் அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால், தீர்ப்பு வந்த பிறகும் ஒருவர் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற கேள்வி போகவில்லை.

சென்னைக் கோப்பையை யார் வாங்கினார்கள் தெரியுமா? ஒரு ஜோடியை இழந்து, நாலே பேரோடு ஆடிய போலந்து. அந்த நால்வரில் ஒருவர் மிகாவ் நோவோசாட்ஸ்கி. கொரோனா காலத்தில் ஆட்டங்கள் ஆன்லைனுக்குப் போனபோது, வேறொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து மற்றவர்கள் சீட்டைப் பார்த்ததாக 2020-ல் அவரே ஒப்புக்கொண்டார். திரையும் இல்லை, பலகையும் இல்லை, கூட்டாளிகூடத் தேவைப்படவில்லை.

போன ஞாயிறு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். இந்த வீடியோக்களில் கொஞ்சத்தை என் போனில் தாத்தாவுக்குக் காட்டினேன். ஒலியே இல்லாமல், கை மட்டும் தெரியும் ஆட்டம். சீட்டு நேராக விழுந்தபோதெல்லாம் தலையாட்டினார். பத்து ஆட்டம் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் தாத்தா, அன்னிக்கு அவர் நிஜமாவே சைகை காட்டினாரா?”

“காதைத் தொட்டான். அது நிஜம்.”

“ஜாக்கி வந்தப்போ மட்டுமா?”

பதில் வரவில்லை. உள்ளேயிருந்து பாட்டி காபி கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினார்.

“எண்பத்தஞ்சுல எண்பத்திரண்டுன்னு சொன்னியே... பொருந்தாத அந்த மூணு ஆட்டத்தைக் காட்டு.”